கொழுந்தன் மனைவியின் அகராதி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கடைக்குட்டியை மட்டும் என் கொழுந்தன் மனைவி பாதி பறித்துக்கொண்டாள். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் காலேஜ் படித்துவிட்டு, எண்பதுகளில் எங்கள் ராஜபாளையம் வீட்டுக்கு வாழ வந்தவள். நானோ எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். சாயங்காலமானால் என் மகன் அவளிடம் ஓடிவிடுவான். அவள் தடித்த அகராதியை விரித்து, ஒன்றுபோல் இருக்கும் இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிரித்துச் சொல்வாள்.

ஒருநாள் அவனுக்குப் பிடித்த சுழியம் சுட்டுக் கூப்பிட்டேன். வரவில்லை. தட்டோடு நானே போனேன்.

"கேட்டமரான், கேட்டமவுண்ட். ரெண்டுலயும் முன்னால 'கேட்'டுன்னு பூனை நிக்க மாதிரி இருக்குல்லா?" என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "முதல்ல உள்ளது நம்ம கட்டுமரம், வெள்ளைக்காரன் கொண்டு போனது. ரெண்டாவதுலதான் நெசப் பூனை. மலைப்பூனைன்னு அர்த்தம்."

"சித்திக்கு எம்புட்டு தெரியுது, பாத்தியாம்மா!" என்றான் மகன்.

"பசிச்சா அதையே திங்கச் சொல்லுலே" என்றேன்.

அவள் சிரித்தாள். "உக்காருங்கக்கா, உங்களுக்கும் சொல்லுதேன்."

"எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று திரும்பிவிட்டேன். அடுப்படியில் நின்று அந்த இரண்டு வார்த்தையையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இன்றுவரை மறக்கவில்லை. அவளிடம் அதைச் சொல்லவும் இல்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி பக்கத்தில்தான் இருக்கிறாள். ஏட்டி, இதைச் செத்த வாசிச்சுக் காட்டு. அவளை எங்கயாவது புகழ்ந்திருந்தேன்னா அந்த வரியை அடிச்சிரு.