தாராக் குன்றில் இன்னொரு கை

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் என் ஆடுகளைக் கேளுங்கள். அவை என்னைவிட யோக்கியமானவை.

தப்பு என்னுடையதுதான். கைப்பேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டே வேலிக் கதவைத் தாழிடாமல் வந்துவிட்டேன். மந்தை மொத்தமும், பழைய அரசர்கள் முடிசூடிய தாராக் குன்றில் ஏறிவிட்டது. நவம்பர் மாதம், மாலை நாலரை. பனிமூட்டம்.

அப்பா படுத்த படுக்கை. பண்ணை யாருக்கு என்று வாயே திறக்கவில்லை. அதில் எனக்கும் அண்ணன் மலக்கிக்கும் முறைப்பு. ஆனாலும் ஆடு தேட வந்தான்.

"கதவு சாத்தத் தெரியாத ஃபின்டனுக்குப் பண்ணை வேணுமாம்!" பனிக்குள்ளிருந்து அவன் குரல்.

"நீ சாத்துன லட்சணத்துலதானே போன வருஷம் காளை பாதிரியார் வீட்டு விருந்துக்குப் போச்சு?"

உச்சியில் அந்தக் கல். லியா ஃபால் என்று பேர். நெஞ்சளவு உயரம். உரிமையுள்ள அரசன் தொட்டால் அலறும் என்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் தொட்டுப் பார்த்தவர்கள்தான். யாருக்கும் அது முனகியதுகூட இல்லை.

"அண்ணே, மேல வா! ரெண்டு பேரும் கை வெப்போம். யாருக்குக் கத்துதோ அவனுக்குப் பண்ணை!"

புல்லில் காலடி மட்டும்... சரக்... சரக்...

கை வைத்தேன். பக்கத்தில் இன்னொரு கை வந்து பதிந்தது. அதன் சுண்டுவிரல் என் விரலை உரசியது. பனிக்கட்டி.

"கையுறை போட்டா குறைஞ்சா போயிடுவ?" என்றேன்.

ஆடுகளின் சத்தம் நின்றது.

கல் அதிர்ந்தது.

பிறகு...

அலறியது.

என் பல்லுக்குள் கேட்டது.

ஓடினேன். கீழே வேலிக் கதவருகே மலக்கி, வெளுத்துப்போய். எனக்கு முன்னால் ஓடிவந்துவிட்டான் என்று நினைத்தேன். அன்றிரவே அப்பாவிடம் போய், "பண்ணை தம்பிக்கே இருக்கட்டும்" என்றான். ஏன் என்று கேட்டால் மழுப்புவான்.

அப்பா போய் மூன்று வருடம். எனக்குத் தூக்கமில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தவனிடம் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, கல்லுல நம்ம ரெண்டு பேர் கையும்தானே இருந்துச்சு. அது உனக்காகக் கத்தியிருந்தா? பாதி நிலத்தை வாங்கிக்கோயேன்."

மலக்கி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் மேல வரவே இல்லையேடா. ஆட்டை மடக்கிட்டுக் கதவுகிட்டயேதான் நின்னேன். கல்லு கத்துனது கேட்டுச்சு. அங்க நீ மட்டும்தான் இருந்தேன்னு நினைச்சுத்தான்டா விட்டுக்கொடுத்தேன்."