பின்பக்கம் குந்திய லொறி

கண்டிப் பக்கம் வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் பாப்பம்மா. கோபம் வந்தால், தோட்டத்தை நடத்தும் துரை, கொழுந்தை நிறுக்கும் கணக்கப்பிள்ளை என்று பார்க்கமாட்டாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், தூரத்து மலைக்கு ஆட்களை ஏற்றிப்போக அங்கே ஒரு பழைய சின்ன லொறி இருந்தது. பின்சில்லுகளுக்கு மேலிருந்த சுருள் ஸ்பிரிங்குகள் தளர்ந்துபோய், முன்காலை ஊன்றிக் குந்திய நாய் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். குழியில் இறங்கினால் பெட்டி அச்சில் மோதி, உள்ளே இருப்பவர்களின் முதுகெலும்பு வரை அடிக்கும். டிரைவர் இருளப்பன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். “ஆள் கூட ஏத்துறீங்க, அதான் இறங்குது” என்பதே துரையின் பதில்.

ஒரு காலையில், வளைவுப் பள்ளத்தில் லொறி விழுந்து எழும்பிய வேகத்தில், கொழுந்து பறிக்கப் போன அழகம்மா வெளியே தூக்கி எறியப்பட்டாள். இடுப்பெலும்பு முறிந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவர்களிடம் கணக்கப்பிள்ளை சொன்னார்: “எந்திரிச்சு நின்னா விழத்தானே செய்வா.”

பாப்பம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அழகம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். விழும்போது சேலையைப் பிடித்தும் பாப்பம்மாவால் நிறுத்த முடியவில்லை.

மறுநாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், துரையின் முன்னாலேயே எல்லாரையும் லொறியிலிருந்து இறக்கினாள்.

“இப்பப் பாருங்க தொரை. ஒரு ஆள் இல்ல. ஏன் இன்னும் குந்திக்கிட்டே இருக்கு?”

துரை ஜீப்பில் ஏறினார்.

“அப்ப நாங்க நடந்தே போறோம்!”

நடந்தார்கள். மலைக்குப் போய்ச் சேரும்போதே வெயில் ஏறிவிடும். கொழுந்து குறைந்தது. அந்த வாரமே கண்டியிலிருந்து புது ஸ்பிரிங்குகள் வந்தன, லொறி நிமிர்ந்தது. மற்றவர்கள் ஜெயித்த சந்தோஷத்தில் சிரித்தார்கள். பாப்பம்மாவுக்கு இன்னும் ஆத்திரம் மூண்டது.

“ஒரு மனுசி இடுப்பு ஒடைஞ்சப்ப வராத ஸ்பிரிங்கு, கொழுந்து கொறைஞ்சதும் ஓடி வருதோ?”

திரும்பி வந்த அழகம்மாவால் மலை ஏற முடியவில்லை. தானே எழுந்து நின்று விழுந்தவள் என்று சொல்லி, வேலைப் பதிவிலிருந்து அவள் பேரை வெட்டப் பார்த்தார்கள். பாப்பம்மா இருளப்பனை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். “கண்ணாடியில பார்த்தேன், அவ ஒக்காந்துதான் இருந்தா” என்று அவன் துரையிடம் சொன்னான். அழகம்மாவுக்குப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கும் வேலை கிடைத்தது.

கணக்கப்பிள்ளையோடு மட்டும் பாப்பம்மா அதன்பிறகு பேசவேயில்லை. கொழுந்து நிறுக்கும்போதுகூட அவர் முகத்தைப் பார்க்காமல் கூடையை வைத்துவிட்டு நிற்பாள்.