பூனைக்கு இரண்டு விலை

அந்தப் பூனை எங்களுக்கு இனாமாகக் கிடைத்தது. எங்கள் பிளாட்டின் லிஃப்ட் வாசலில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு பதினோராவது மாடிக்கு வந்தேன். "இதுக்கு என்ன பெருசா செலவு ஆவப் போவுது? நாம சாப்பிடுறதுல ஒரு வாய் போட்டா போதும்லா," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அப்படிச் சொன்ன வாயைத் தைத்திருக்க வேண்டும்.

முதல் மூன்று வருடம் ஊசிக்கும் பூனை பிஸ்கட்டுக்கும் கொடுத்ததோடு சரி. ஆண் பூனை, ஆனால் வாசலைத் தாண்டாது. நாங்கள் போட்டால்தான் அதற்குச் சாப்பாடு.

போன தைப்பூசத்துக்கு என் வீட்டுக்காரர் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு நாள் விரதம். எங்கள் வீட்டில் விரதம் என்றால் அரைகுறை வேலை கிடையாது. சட்டி பானையைக்கூட மாற்றிவிடுவேன். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து முடித்தபோது பூனை பிஸ்கட் பொட்டலம் கண்ணில் பட்டது. மோந்து பார்த்தேன். மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. அய்யய்யோ, இதை வைத்துக்கொண்டா விரதம்! அப்படியே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவின் பூனைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் பூனைக்கும் சைவம்தான். தயிர்சாதம், பருப்புச்சாதம், கொஞ்சம் நெய். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் பசி தாங்காமல் நக்கியது. எனக்கு ஒரே பெருமை. அதன் நெற்றியில் திருநீறு வைத்துப் படமெடுத்து, "எங்க வீட்டுப் பிள்ளையும் விரதம்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். பதிலுக்குக் கும்பிடும் கைப் படங்களாக வந்து குவிந்தன.

முப்பத்தைந்தாம் நாள் காலையில் பூனை ஒன்றுக்குப் போகிற மண் தட்டில் ஏறி உட்கார்ந்து முக்கியது. இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரு சொட்டு வரவில்லை. வயிற்றைத் தொட்டேன், அலறிவிட்டது. அவர் விடிவதற்கு முன்பே புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்குப் போய்விட்டார். வேலை நேரத்தில் அவருடைய போன் லாக்கரில் பூட்டிக் கிடக்கும். பட்டர்வொர்த்தில் எனக்கும் ஆபீஸ் இருந்தது. லீவு சொல்லிவிட்டுப் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். மூத்திரப் பாதை அடைத்துக்கொண்டது, உள்ளே மணல்போலச் சேர்ந்திருக்கிறது, இன்றைக்குள் திறக்காவிட்டால் பிழைக்காது என்று மலாயில் சொன்னார். பிறகு, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

சோறு, தயிர், பருப்பு என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு மாசமாவா?"

விரதம் என்று சொல்ல ஆரம்பித்தேன். எனக்கே அது காதில் அசிங்கமாக விழுந்தது. அவர் கத்தவில்லை. பூனை மாமிசம் தின்றே வாழ வேண்டிய பிராணி, இதனால்தான் அடைத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இந்தச் சாப்பாடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். முருகா, புண்ணியம் என்று நினைத்து என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

பூனையை உள்ளே எடுத்துப் போனார்கள். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். குழாய் வைக்க, ரத்தம் சோதிக்க, நான்கு நாள் வார்டு, மருந்து. மொத்தம் இரண்டாயிரத்து முந்நூறு வெள்ளி.

"என்னம்மா இது! கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மனுசனுக்கே ஒரு வெள்ளிதான்லா வாங்குறான்!"

"பூனைக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரி இல்லயேக்கா," என்றாள். பாவம், சிரிக்காமல்தான் சொன்னாள்.

என் ஒரு மாதச் சம்பளம் அது. தாளின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. நூற்றைம்பது வெள்ளி.

"இது எதுக்கு?"

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "சில பேரால கட்ட முடியாதுக்கா. அப்ப ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிருவாங்க."

இரண்டு தொகையையும் மாறி மாறிப் பார்த்தேன். இனாமாக வந்த பூனைதானே என்று மனசு கணக்குப் போட்டது. அதைத் திட்டி அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. பாசாரில் மீன் விலை கேட்கிற அதே தொண்டையில் கேட்டேன்:

"இந்த நூத்தம்பதுல எல்லாம் சேத்தியா? அப்புறமா வேற காசு கேப்பீங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து பூனை கத்தியது. வலியில் கத்துகிற சத்தம் இல்லை. நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது கூப்பிடுமே, அந்தச் சத்தம். என் குரலைக் கேட்டு, கூட்டிப் போக வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறது.

"காப்பாத்துங்கம்மா, கட்டிடுறேன்," என்று மட்டும் சொன்னேன். மத்தியானத்துக்குள் இரண்டு வளையலை அடகுக்கடையில் வைத்துப் பணத்தைக் கட்டினேன்.

பூனை பிழைத்துக்கொண்டது. அந்த இரண்டாயிரத்து முந்நூறை நான் இன்னும் ஊரெல்லாம் சொல்லிப் புலம்புகிறேன். கவுண்டரில் நான் கேட்ட கேள்வியை மட்டும் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.