ஏழாம் வகுப்பில் சேராத பெண்

முப்பத்தெட்டு வயதில் நான் மறுபடியும் மாணவியானேன். அப்போது திருப்பூரின் ஓரத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கோவையில் ஒரு கல்லூரியில், ஆசிரியர்களுக்கும் குழந்தைகளின் படிப்புக்காக வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து ஒரு முதுகலைப் படிப்பு தொடங்கியிருந்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரியான படிப்பு ஏன் கிடைப்பதில்லை என்பதுதான் பாடம். இரண்டு வருடம், சனிக்கிழமை மட்டும் வகுப்பு. கணியூரில் பிறந்த எனக்கு, பி.எட். முடித்த கையோடு கல்யாணம் ஆகியிருந்தது. மேலே படிக்கும் ஆசையைச் சொல்லக்கூட யாரும் நேரம் தரவில்லை. அதனால் இந்த அறிவிப்பைக் கண்டதும் வீட்டில் கேட்காமலே விண்ணப்பம் போட்டுவிட்டேன். கணவர் மறுக்கவில்லை. "போயிட்டு வா. சனிக்கிழமை சோறு நானே ஆக்கிக்கறேன்" என்றார். அந்தச் சோற்றை நினைத்துச் சில வாரம் பயமாகத்தான் இருந்தது.

காலை ரயிலில் கூட ஒருத்தி வருவாள். சங்கரன்கோவில் பக்கத்தவள். தெற்கிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் வசிக்கும் லைன் வீடுகளில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தருகிறவள். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைவிட நன்றாகப் படிப்பாள். சோமனூர் வரும்வரை இருவரும் போன வாரப் பாடத்தைச் சண்டை போட்டுப் பேசுவோம். சோமனூர் தாண்டியதும் அவள் டிபன் பாக்ஸைத் திறப்பாள். அந்த நாற்பது, ஐம்பது நிமிடங்களைப் போல ஒரு நேரம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

இரண்டாவது வாரமே பேராசிரியர் அம்மா ஒரு வேலை கொடுத்தார். "உங்கள் பள்ளியில் இல்லாத ஒரு குழந்தையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வாருங்கள்."

நான் என் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் இருக்கிறவர்கள். இல்லாதவர்களை எப்படி எழுதுவது? அடுத்த புதன்கிழமை, ஏழாம் வகுப்பில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் அவள் நினைவுக்கு வந்தாள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம். சேர்க்கை மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாய் தன் மகளோடு வந்து நின்றாள். ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, கம்பெனியில் சேர்ந்துவிட்டாள், மகளை ஏழாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். டி.சி. கேட்டேன். கொண்டுவரவில்லை என்றாள். "டி.சி. இல்லாமச் சேத்த முடியாதுங்க. ஊருக்குப் போயி வாங்கிட்டு வந்துருங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அடுத்து நின்றவரைக் கூப்பிட்டேன்.

அந்தப் பெண் பழைய பள்ளிச் சீருடையில் வந்திருந்தாள். பச்சைப் பாவாடை. எங்கள் பிள்ளைகளுக்கு நீலம். தோளில் பை. அன்றே வகுப்பில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்து வந்திருக்கிறாள். தாய்க்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. மகளைப் பள்ளி வாசலுக்கு வெளியே, சுவரோர நிழலில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. உள்ளே பிள்ளைகள் தட்டோடு ஓடினார்கள். வெளியே அவள் பையைத் திறந்து தூக்குப் போசியை எடுத்து, மடியில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். மணி அடிக்கும்வரை காத்திருந்திருக்கிறாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன். நாலு மணிக்கு வெளியே வந்தபோது அவள் இல்லை.

இதை அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். பேராசிரியர் அம்மா படித்துவிட்டு, "இப்போது அவள் எங்கே?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ரயிலில் திரும்பும்போது தோழிக்கும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அந்த அம்மா எந்தூருன்னு சொன்னாவ?" என்றாள். நினைவிருந்த மட்டும் சொன்னேன். ஊர்ப் பெயரை வைத்து அவள் லைன் வீடுகளில் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆறேழு வாரம் கழித்து, பிளாட்பாரத்தில் என்னைக் கண்டதும் சொன்னாள்: "அக்கா, பிள்ள கெடச்சிட்டா."

மறுநாள் ஞாயிறு. இருவரும் போனோம். வரிசையாகப் பத்து அறைகள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அவள் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, தையல் விட்டது இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றபடி பார்க்க வேண்டும்.

"என்னையத் தெரியுதா கண்ணு?"

"தெரியும் டீச்சர். அப்பம் நீங்க கண்ணாடி போடல."

மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட நாக்கில் இல்லை. தாய்தான் பேசினாள். "நீங்க என்ன செய்விய டீச்சர்? பேப்பரு கேட்டிய. போயி வாங்கியாரதுக்கு லீவு கெடைக்கல. இன்னைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு ஒரு வருசம் ஓடிட்டு. பொறவு அவளும் வேலைக்கு வந்துட்டா."

அவள் கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். காபி போட உள்ளே போனாள். அப்போது மகள் என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்: "ஏழாங்கிளாஸ்ல என்ன பாடமெல்லாம் இருந்துச்சு டீச்சர்?"

பன்னிரண்டு வருடமாக நடத்துகிற பாடம். தோழியைப் பார்த்தேன். "அடுத்த வாரம் கொண்டாந்து காட்டுறோம்" என்றாள் அவள்.

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிறு மதியங்களில் நான் அந்த அறைக்குப் போனேன். எட்டாம் வகுப்புத் தேர்வை அவள் தனித்தேர்வராக எழுத முடியும் என்று விசாரித்து வைத்தேன். கணக்கு அவளுக்குச் சட்டென்று வந்தது. வரலாறு பிடிக்கவில்லை. இங்கிலீஷில் கம்பெனியில் புழங்கும் 'ரிஜெக்ட்', 'ஆல்டர்', 'ஷிப்மென்ட்' எல்லாம் தெரியும், எழுதத்தான் தெரியாது. படித்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவாள். எழுப்ப மனம் வராது. அவள் விழிக்கும்வரை அவளுடைய நோட்டில் அடுத்த கணக்குகளை எழுதி வைப்பேன். அவள் வாழ்க்கையில் விடுபட்ட இரண்டு வருடங்களை ஞாயிறு ஞாயிறாக ஒட்டிவிடலாம் என்று நம்பினேன். ஆனால் ஒரு வகுப்பு என்பது பாடம் மட்டும் அல்லவே. பக்கத்தில் உட்கார ஒருத்தி, இடைவேளையில் ஓட ஒரு மைதானம், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து நிற்பது, இதையெல்லாம் நான் எந்தப் பையில் போட்டுக் கொண்டுபோவேன்?

ஆய்வுக் கட்டுரையைப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பது பற்றி எழுதத்தான் முதலில் திட்டமிட்டிருந்தேன். அவர்கள் நிற்கவில்லை, நாங்கள் சேர்க்கவில்லை என்று மாற்றி எழுதினேன். அதற்கான வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பகுதியைக் காட்டி, "இந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியது யார் என்று எழுதவில்லையே?" என்றார்.

"நான்தானுங்க" என்றேன். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்து வந்த ஜூன் மாதம் சேர்க்கை மேசைக்கு நானே கேட்டு உட்கார்ந்தேன். டி.சி. இல்லாமல் வந்த பிள்ளைகளிடமிருந்து பெற்றோரின் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, வயதுக்குத் தக்க வகுப்பில் உட்காரவைத்தேன். தலைமையாசிரியர் வந்து நின்றார். "ஏனுங்க டீச்சர், நாளைக்கு ஆபீஸ்ல கேட்டா யாருங்க பதில் சொல்றது?"

"என்னையக் கை காட்டீருங்க சார். நான் சொல்லிக்கறேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். ஆபீஸிலிருந்து ஒருவரும் கேட்கவே இல்லை. இத்தனை வருடம் யாருக்குப் பயந்து அந்தக் காகிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் எட்டாம் வகுப்புத் தேர்வில் தேறினாள். தேர்வு நாட்களில் கம்பெனியில் விடுப்புத் தரமாட்டோம் என்றார்களாம். "பரவால்ல, வேற கம்பெனி பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வந்து எழுதினாள். சான்றிதழை வாங்க என்னோடு வந்தபோது, எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பைக் காட்டச் சொன்னாள். பள்ளிக்கு விடுமுறை, அறை காலியாக இருந்தது. மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முழங்கால் மேசையில் இடித்தது. சிரித்தாள். "நீங்க அங்கன நில்லுங்க டீச்சர்" என்று கரும்பலகையைக் காட்டினாள். போய் நின்றேன். அவ்வளவுதான், இருவருக்கும் அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போன குடும்பம் திரும்பி வரவில்லை. அவளுடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து அறையில் சொன்னார்கள். தோழியும் படிப்பு முடிந்ததும் தெற்கே வேலை கிடைத்துப் போய்விட்டாள். சனிக்கிழமை காலைகளில் ரயில் சத்தம் கேட்கும்போது, குளித்துக் கிளம்ப வேண்டும் என்று உடம்பு பலநாள் பரபரத்தது.

ஒரே ஒருமுறை அவள் போன் செய்தாள். "டீச்சர், பத்தாங்கிளாஸுக்குப் படிக்கன்னு ஒரு எடத்துல சேந்துட்டேன். இங்க யாரும் டி.சி. கேக்கல" என்றாள். எந்த ஊர் என்று கேட்பதற்குள் அழைப்பு அறுந்தது. வந்த எண்ணுக்கு உடனே கூப்பிட்டேன். ஏதோ கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய் போன். எடுத்தவர், "இங்க எவ்வளவோ பிள்ளைய வந்து பேசிட்டுப் போவுதுவ அம்மா, யாருன்னு பாக்க?" என்றார். கடை எந்த ஊரில் என்று கேட்டேன். சொன்னார். அந்த ஊருக்கு ஒரு மே மாதத்தில் போயும் வந்தேன். அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இப்போது அவளுக்கு முப்பது தாண்டியிருக்கும். பத்தாம் வகுப்பு எழுதினாளா, எழுதித் தேறினாளா, தேறி என்ன ஆனாள், எதுவும் தெரியாது. அன்று அவள் குரலைக் கேட்ட என் கைப்பேசி எப்போதோ பழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மாற்றிவிட்டேன். என் மகன் புது எண் வாங்கும்படி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். எண்ணை மட்டும் நான் மாற்றவில்லை.