உறை பிரிக்காத படக்காரர்

தெருவில் அவருக்குப் படக்காரர் என்று பெயர். படம் எடுத்தவரும் இல்லை, ஓட்டியவரும் இல்லை, வாங்கி அடுக்கியவர். சரக்குக் கிடங்கில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் காற்று வரும் ஒரே அறையை அலமாரிகளுக்கும் தன் கட்டிலுக்கும் எடுத்துக்கொண்டு, மனைவியைச் சமையலறை ஓரத்தில் படுக்க விட்டவர்.

விண்வெளிக் கார்ட்டூன் படம் ஒன்றின் மேல் அவருக்குப் பித்து. செத்துப்போன கிரகத்தில் ஓர் இயந்திரப் பெண் விதை தேடி அலைகிற கதையாம். அதையே கேசட்டாக, குறுந்தகடாக, வேறு வேறு அட்டையோடு திரும்பத் திரும்ப வாங்கியிருந்தார். ஒன்றையும் பிரித்ததில்லை. பிரித்தால் மதிப்பு போய்விடுமாம். அப்படியானால் விற்கலாமே என்றால், "விக்கிறதுக்கா வாங்கினேன்?" என்று முறைப்பார்.

உச்சித் தட்டில் இடம் பண்ண ஸ்டூலில் ஏறி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை முடிந்து எலும்பும் கூடிவிட்டது. நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் எழுந்திருக்கவில்லை. எல்லாம் படுக்கையிலேயே. பகலில் சம்பளத்துக்கு வந்த தாதியாக நான் பார்த்துக்கொண்டேன், இரவில் மனைவி.

வெளியூரில் மகளுக்கு அறுவை செய்து ஆண் குழந்தை பிறந்திருந்தது. உதவிக்கு ஆளில்லை. "எப்பம்மா வருவே?" என்று ஓயாமல் போன். இவர் கழிப்பறைக்குத் தானாகப் போய்வந்தால் போதும், அந்த அம்மாள் கிளம்பிவிடலாம். நான் தாங்கிப் பிடிக்க வந்தால், "கால்ல உசுரே இல்லைம்மா" என்பார். தொடையை அழுத்திப் பார்த்தேன். உயிர் தாராளமாக இருந்தது.

ஒருநாள் கூரியரில் பார்சல் வந்தது. அதே படம்தான், சேகரிப்பாளர்களுக்கான சிறப்புப் பதிப்பு. இரும்புப் பெட்டி; உள்ளே தகடுகள், ஓவியப் புத்தகம், விரலளவு விண்கலம். உறையின் மேல் அச்சடித்திருந்ததால் தெரிந்தது.

"புதுக் கையுறை போட்டுக்கிட்டு எடுங்கம்மா, ரேகை பட்டுடும்."

அவர் உடம்பைத் துடைக்கும்போது நான் கை கழுவினேனா என்றுகூட ஒருநாளும் கேட்டதில்லை. பெட்டியைக் கண்ணெதிரே மேசையில் வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

மாலையில் மனைவியின் தம்பி நலம் விசாரிக்க வந்தார். லாரி ஓட்டுபவர், கலகலப்பான ஆள்.

"என்ன அத்தான், புதுப் படமா? போட்டுப் பாப்போமா?" என்று சாவியால் உறையைக் கீறினார்.

"டேய்! கை வைக்காதடா!"

போர்வை பறந்தது. மனிதர் எழுந்தார், அறையைக் கடந்தார், பெட்டியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டு காலிலும் நிமிர்ந்து நின்றார்.

"அக்கா, ஓடி வா! அத்தான் நடக்குறாரு!"

மனைவி கரண்டியும் கையுமாக வந்து வாசற்படியில் நின்றார். புருஷனின் காலைப் பார்த்தார். அவரோ கீறலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு கிழிச்சிருக்கான் பாரு, உன் தம்பி."

அந்த அம்மாள் தம்பி பக்கம் திரும்பினார். "தம்பி, என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுடு."

"இப்பவேவா அக்கா?"

"இல்ல, பேரன் பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறமா போறேன்."

"ராத்திரி எனக்கு யாரு?" என்றார் படக்காரர்.

"அதான் கால் வந்துடுச்சே."

அடுப்பை அணைத்து, பையில் நாலு துணி போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். படக்காரர் பெட்டியோடு கட்டிலில் சாய்ந்தார். சற்றுப் பொறுத்து, "மூத்திரம் வருதும்மா" என்றார்.

"கழிப்பறை விளக்கைப் போட்டிருக்கேன். போயிட்டு வாங்க."