ஏழாவது ஆள் உள்ளே வந்தது எப்படி

ரக்பி செவன்ஸில் ஒரு அணிக்கு ஏழு பேர். கபடியிலும் ஏழு பேர். எங்கள் பெண்கள் அணி கோப்பையை இழந்த கதையை இந்த இரண்டு வரிகளில் முடித்துவிடலாம். செய்தியாக எழுதியிருந்தால் அப்படித்தான் முடித்திருப்பேன். இது செய்தி இல்லை என்பதால் கொஞ்சம் நீளும்.

திண்டுக்கல்லில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் வேலை செய்கிறேன். ஞாயிறு எனக்கு விடுமுறை. அந்த ஞாயிறுகள் எப்படிப் போயின என்பதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு கால் பக்கச் செய்தி. பள்ளி மைதானம் ஒன்றில் கிராமத்துப் பெண்கள் முட்டை வடிவப் பந்தோடு மோதி விழுவதைப் பார்த்து எழுதினேன். மறுநாள் அவர்களுடைய பயிற்சியாளர் அலுவலகத்துக்கு வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, ஒரு காலத்தில் நல்ல கபடி வீராங்கனை. நன்றி சொல்லத்தான் வந்தார் என்று நினைத்தேன்.

“ஏனுங்க சார், பேப்பர்ல போட்டுட்டீங்க. இனிப் பாதியில விட்டுட்டுப் போக முடியுங்களா? ஒரு மேலாளர் வேணுமுங்க” என்றார்.

மேலாளர் என்றால் ஆதார் நகல்களைக் கோப்பில் வைத்துக்கொள்வது, தண்ணீர் கேன் தூக்குவது, ஐஸ் கரைவதற்குள் மைதானத்துக்குக் கொண்டு சேர்ப்பது, வேன் டிரைவரைச் சமாதானப்படுத்துவது. போட்டி நடக்கும்போது கோட்டுக்கு வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் பக்கத்தில் நிற்பதும் மேலாளர் வேலைதான். அதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் வெளியே வருவார், ஒருவர் உள்ளே போவார். பயிற்சியாளர் கத்துவார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டுவேன்.

அணியில் எல்லோருமே கபடியிலிருந்து வந்தவர்கள். அதனால் பயிற்சியாளர் ரக்பியைக் கபடி வழியாகவே சொல்லிக்கொடுத்தார். “ஆளப் புடிச்சுக் கீழ போடுறத உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. பந்த மட்டும் முன்னால எறியாதீங்க” என்பது முதல் பாடம். எதிரணியைத் தடுக்க வரிசையாக நிற்க வேண்டும் என்பதை, பாடி வருபவளைச் சங்கிலி போட்டு மடக்குவதுபோல என்று சொன்னார். உடனே புரிந்துகொண்டார்கள். மஞ்சள் அட்டையைப் பற்றியும் ஒரே வரிதான். “அட்டை வாங்குனா அவுட்டுன்னு வச்சுக்கங்க. பேசாம வெளிய வந்து உக்காந்துரணும்.” அந்த அவுட் எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். அதுவரை எங்களில் யாரும் மஞ்சள் அட்டை வாங்கியதும் இல்லை.

முதல் மஞ்சள் அட்டை ஓர் அழைப்புப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் வந்தது. டவுனில் ஒரு கல்லூரி மைதானம். செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு, ஓரத்தில் ஷாமியானா. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அட்டை வாங்கியவள் சேவுகம்பட்டிப் பக்கம் பூ விவசாயம் செய்யும் வீட்டுப் பெண். விடியுமுன் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் பயிற்சிக்கு வருவாள். எதிரணிப் பெண்ணைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துவிட்டாள். நடுவர் அட்டையைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் வெளியே வந்து, நேரக் கணக்காளர் மேசைக்குப் பக்கத்திலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். செவன்ஸில் மஞ்சள் அட்டைக்கு இரண்டு நிமிட வெளியேற்றம். அது முடிந்ததும் மேசையில் இருப்பவர் கை காட்டினால்தான் உள்ளே போகலாம். அதுவரை அணி ஆறு பேரோடு ஆட வேண்டும்.

ஆறு பேரோடு ஆடிய எங்கள் அணி யாரும் எதிர்பார்க்காமல், எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றி, ஒரு டிரை போட்டுவிட்டது. ஆட்டம் சமநிலைக்கு வந்தது. ஷாமியானா மொத்தமும் எழுந்தது. நானும் எழுந்தேன். மேசையில் இருந்த நேரக் கணக்காளர் ஒரு வங்கி ஊழியர், பழைய ஹாக்கி ஆட்டக்காரர். ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்தபடியே அவரும் எழுந்தார்.

நாற்காலி காலியாகிவிட்டதை நான் பார்த்தேனா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பார்த்ததாக நினைவில்லை. பந்து போன பக்கம்தான் என் கண் போயிருந்தது.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. எதிரணியின் வேகமான பெண் ஓரக்கோட்டை ஒட்டிப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். அவளைப் பின்னாலிருந்து தாவி, கணுக்காலைப் பிடித்து வீழ்த்தியது எங்கள் பூக்காரப் பெண்தான். கொஞ்ச தூரம் மண்ணில் இழுபட்டும் பிடியை விடவில்லை. பந்து நழுவியது. எங்கள் கேப்டன் எடுத்து ஓடினாள். இரண்டாவது டிரை. விசில். நாங்கள் ஜெயித்துவிட்டோம், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கத்தும் அளவுக்கு.

எதிரணியின் மேலாளர் எல்லாவற்றையும் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் நிதானமாக வந்து நடுவரிடம் படத்தைக் காட்டினார்.

விசாரணை ஒரு வகுப்பறையில் நடந்தது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. போட்டியை நடத்தியவர் ஒரு தோல் வியாபாரி. கோப்பையும் சாப்பாடும் அவருடைய பொறுப்பு என்பதால் விசாரணைக் குழுவின் தலைமையும் அவருக்கே. எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். “அஸர் தொழுகைக்கு முன்னாடி முடிச்சிருவோம். ரெண்டு டீமும் பசியில கெடக்கு, அங்க பிரியாணி ஆறுது” என்று ஆரம்பித்தார்.

“கூட ஒரு ஆள வச்சு ஜெயிச்சுட்டுக் கப்பத் தூக்கிட்டுப் போயிருவாங்களாம்” என்றார் எதிரணி மேலாளர்.

“கூட ஆள் இல்லீங்க. ஏழு பேர்தானுங்க” என்றார் எங்கள் பயிற்சியாளர்.

“ஆறு பேர் நிக்க வேண்டிய எடத்துல ஏழு பேரு. எட்டுப் பேர் நின்னாத்தான் உங்களுக்குக் கூடுதலா?”

போட்டிக்கென்று அவர்கள் வைத்திருந்த விதி எளிமையானது. ஆட்டக்காரர் தெரிந்தே உள்ளே இறங்கியிருந்தால் அவருக்கு ஓராண்டுத் தடை. அணியின் கவனக்குறைவு என்றால் ஆட்டம் எதிரணிக்கு, மேலாளர் ஓராண்டுக்குக் கோட்டுப் பக்கம் வரக் கூடாது. இரண்டில் எது என்று முடிவாக வேண்டும். அடுத்த மாதம் மாநில அணிக்கு இளையோர் தேர்வு. அந்தப் பெண்ணுக்கு இந்த ஆண்டோடு வயது வரம்பு முடிகிறது. தடை விழுந்தால் அவள் ஆட்டம் அந்த வகுப்பறையிலேயே முடிந்துவிடும். இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், எதிரணி மேலாளர் உட்பட.

அவளைக் கூப்பிட்டார்கள். முழங்கையில் ரத்தம் காய்ந்து மண்ணோடு ஒட்டியிருந்தது.

“ஏம்மா, ஒன்னய யாரு உள்ள போகச் சொன்னது?” என்றார் பாய்.

“யாரும் சொல்லல. நமக்குப் பாயிண்ட் வந்துச்சு. அவுட்டான ஆளு உள்ள வரணும்ல?”

நடுவர் வெளிமாநிலத்துக்காரர். என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்தார். கபடியில் ஒரு அணி பாயிண்ட் எடுத்தால் அந்த அணியில் அவுட்டாகி உட்கார்ந்திருப்பவர் மறுபடி உள்ளே வந்துவிடலாம் என்று விளக்கினேன். நான் முடிப்பதற்குள் பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அட அல்லாவே. புள்ள சடுகுடு ஆடியிருக்கு.”

“நடிக்குது பாய்” என்றார் எதிரணி மேலாளர்.

“நடிக்கிறவ ஒளிஞ்சுல்ல சார் உள்ள போவா? உங்க போன்ல பாருங்க” என்றாள் அவள்.

மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். நாற்காலியிலிருந்து எழுகிறாள். அவசரமில்லாமல் கோட்டருகே வருகிறாள். குனிந்து கோட்டைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்கிறாள். பிறகு உள்ளே போய்த் தன் இடத்தில் நிற்கிறாள். கபடிக் களத்தில் இறங்கும் எல்லோரும் செய்வதுதான். அவளுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், கைகளைத் தூக்கியபடி நான் வேறு பக்கம் பார்த்து நிற்கிறேன்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது அதோடு தெளிவாகிவிட்டது. ஆனால் தப்பு நடந்திருக்கிறது, அதற்கு ஆள் வேண்டும். நடுவர் தன் கண் ஆட்டத்தின் மேல்தான் இருக்கும் என்றார். நேரக் கணக்காளர் கோபப்பட்டார். “நான் வாட்ச்சப் பாப்பேனா, நாற்காலியப் பாப்பேனா?” எதிரணி மேலாளர் விடவில்லை. “அப்ப யாருமே பொறுப்பில்லையா? யாரும் ஒத்துக்கலன்னா போனவதான் பொறுப்பு. அந்தப் புள்ளைக்கே தடையப் போடுங்க.” பயிற்சியாளர் என் பக்கத்தில் மெதுவாக எழத் தொடங்கினார். “அவுட்டுன்னு சொல்லிக்கொடுத்தது நான்தானுங்க” என்று சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. சொன்னால் அடுத்து அரை மணி நேரம் அவரை விசாரிப்பார்கள். பிறகு அவர் அழுவார். பிறகு இன்னொரு கூட்டம் போடுவார்கள்.

எனக்குக் களைப்பாக இருந்தது. அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் சொல்ல முடியவில்லை.

“சேருக்குப் பக்கத்துல நின்னது நான்” என்றேன். “அவ எந்திரிச்சத நான் பாக்கல. பாக்குறதுதான் மேலாளர் வேல. எழுதிக்கங்க.”

அது உண்மை. முழு உண்மையா என்று கேட்டால் இல்லை. ஒரு செய்தியின் முதல் பத்திக்குப் போதுமான உண்மை. பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் களைத்திருந்தார் என்று நினைக்கிறேன். “சரி, முடிஞ்சது. போயி சாப்புடுங்க” என்று எழுந்துவிட்டார். கோப்பை எதிரணிக்குப் போனது. எனக்கு ஓராண்டு. அவளுக்கு எதுவுமில்லை.

நன்றியை எதிர்பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டையை எதிர்பார்க்கவில்லை. மரத்தடியில் எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் நேராக என்னிடம் வந்தாள்.

“நீங்க எதுக்கு சார் ஒத்துக்கிட்டீங்க? நீங்களா உள்ள போனீங்க?”

“நீ செலக்‌ஷனுக்குப் போகணும்ல.”

“கப்பு போச்சுல்ல?”

“அது எப்படியும் போயிருக்கும்மா.”

“எப்படியும் போற கப்புக்கு நான் எதுக்கு அந்தப் புள்ள காலப் புடிச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் மண்ணத் தின்னேன்?”

கேப்டன்தான் காப்பாற்றினாள். “ஏண்டி, வந்து சாப்புடு. அடுத்த வாட்டி பாயிண்ட் வந்தா நாங்களே தாம்பூலம் வச்சு உள்ள கூப்புடுறோம்.” எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள், என் பங்கிலிருந்த முட்டையையும் சேர்த்து.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து பணியில் இருந்த தம்பி போன் செய்தான். “அண்ணே, ஒரு பத்தி போடணும். எதனால தோத்தீங்க?”

“கூடுதலா ஒரு வீராங்கனை எறங்குனதால.”

“யாருண்ணே எறக்குனது?”

“அத விட்டுரு. எடம் பத்தாது.”

அடுத்த ஞாயிறு வீட்டில் தூங்கினேன். பல மாதம் கழித்துக் கிடைத்த முழு ஞாயிறு. தூங்கி எழுந்தபோதும் களைப்பு அப்படியே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு பள்ளி மைதானத்துக்குப் போனேன். பயிற்சிக்குத் தடை இல்லைதான். இருந்தாலும் கோட்டுப் பக்கம் போகாமல், எதிர்ப்பக்கம் சைக்கிள் நிறுத்துமிடத்தின் திட்டில் உட்கார்ந்தேன். மாநிலத் தேர்வுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி அது. அணி இரண்டாகப் பிரிந்து ஆடியது. தண்ணீர் கேனைப் பயிற்சியாளரே தூக்கிக்கொண்டிருந்தார்.

பாதி ஆட்டத்தில், எந்தத் தப்பும் செய்யாத அந்தப் பெண்ணுக்குப் பயிற்சியாளர் மஞ்சள் அட்டை காட்டினார். அட்டை என்றால் பழைய காலண்டர் அட்டையில் மஞ்சள் தாள் ஒட்டியது. “நான் என்னக்கா செஞ்சேன்?” என்று அவள் கேட்பது என் பக்கம் வரை கேட்டது. “ஒண்ணும் செய்யல, போயி உக்காரு” என்றார் அவர். அவள் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் அணியினர் டிரை போட்டார்கள். எல்லோரும் கத்தினார்கள். நான் இந்த முறை பந்தைப் பார்க்கவில்லை. ஸ்டூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உடம்பு தானாக எழுந்தது. முழங்கால் பாதி நிமிர்ந்துவிட்டது. அப்படியே நின்றாள். பிறகு இரண்டு கையாலும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, யாரோ தோளை அழுத்தியதுபோல, மறுபடி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபடியே மைதானத்தின் குறுக்கே என்னைத் தேடினாள். “சார், பாத்தீங்களா?” என்று கத்தினாள்.

என் குரல் அவ்வளவு தூரம் போகாது. பார்த்தேன் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்கு நேரம் முடியும்வரை ஸ்டூலின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.