வலதுபக்கம் என்று போட்டிருந்தது

மணி அடித்ததும் அவள் கைக்குட்டையை மடியில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். கதவு திறந்தது. உள்ளே வந்த பையன் நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து உட்கார்ந்தான். தலையை லேசாக ஒருபக்கம் சாய்த்தான்.

“உங்க பயம் எனக்கு நல்லாப் புரியுதும்மா.”

காலையிலிருந்து இதே சாய்வோடு, இதே வாக்கியத்தோடு பலர் வந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே டியூஷன் போலிருக்கிறது. அவள் நிமிர்ந்து, எப்போதும் கேட்கிற இடத்தில் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் இருக்காதுல்ல, டாக்டர்?”

கண்ணீர் வந்தது. வர வேண்டிய இடம்தான். மூலையில் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த டாக்டர் ஏதோ எழுதினார்.

அந்த மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு வருகிறவர்களுக்குப் பள்ளி மதிப்பெண்ணுக்கு அறுபது, நேர்காணலுக்கு நாற்பது. நேர்காணல் என்றால் மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பதில்லை. நீண்ட நடைபாதையில் வரிசையாக அறைகள். மணி அடித்தால் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வேண்டும். ஒன்றில் கோபக்காரத் தகப்பன் இருப்பார். ஒன்றில் நெஞ்சுவலிக்காரர். அவளுடைய அறையில் மார்பில் கட்டி இருக்கிற பெண். பரிசோதனை முடிவைக் கேட்க வந்திருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த மணிவரை அவளோடு பேச வேண்டும். கதவில் ஒட்டிய குறிப்பில் இவ்வளவுதான் இருந்தது. கட்டி வலது மார்பில் என்றும் போட்டிருந்தது.

அவள் வருஷம் முழுவதும் ஒரு தையல் கடையில் ஆல்டரேஷன் பார்க்கிறவள். பிறர் உடம்பு இளைத்தால் துணியைப் பிடித்துத் தைப்பாள், பெருத்தால் பிரித்துவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாடகக் குழுவில் கூட்டத்தோடு நின்று அழுதிருக்கிறாள். அந்தப் பழக்கத்தில் கிடைத்த வேலை இது, ஆண்டுக்குச் சில நாட்கள். கல்லூரியில் அவளுக்குக் கண்ணீரக்கா என்று பேர். முதல் ஆளுக்கு எந்தச் சொல்லில் அழுதாளோ, சாயங்காலம் கடைசி ஆளுக்கும் அதே சொல்லில் அழுவாள். ஒரு பிள்ளைக்கு அதிகம் அழுது இன்னொரு பிள்ளைக்குக் குறைவாக அழுதால் மதிப்பெண் கோணிப்போகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. கொடுத்த வேடம் சொந்த வாழ்க்கையோடு ஒட்டினால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். வேறு வேடம் தருவார்கள். காரணம்கூடத் துருவ மாட்டார்கள்.

அவள் சொல்லவில்லை. முந்தின வாரம் குளிக்கும்போது இடது மார்பில், அக்குளை ஒட்டி, விரலில் ஒன்று தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. அழுத்தினால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வேடத்துக்காகக் கொடுத்த தாளில் வலிக்காத கட்டியைப் பற்றித்தான் எழுதியிருந்தது. பஸ் ஓட்டும் கணவரிடமும் அவள் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொன்னால் அது உண்மையாகிவிடும். கல்லூரி அலுவலகத்தில் சொல்வதும் சொல்வதுதானே.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து அறை நெஞ்சுவலிக்காரர் டப்பாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர்.

“எத்தனை வருஷமா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் ஒருத்தனும் என்னைக் காப்பாத்தல. உனக்கு எப்படிம்மா, கட்டி கரைஞ்சுதா?”

அவள் கையிலிருந்து கரண்டி நழுவியது.

“அட, என்னம்மா நீ. வேஷத்தை ரூம்லயே கழட்டி வச்சுட்டு வரணும். சாப்பிடற இடத்துக்குமா கட்டிக்கிட்டு வர்றது?”

“பசிக்கல அண்ணா.”

“உன் அழுகை இன்னைக்குச் சுவர் தாண்டி வந்துது. எந்திரிச்சு வந்து சமாதானம் சொல்லலாமான்னு பார்த்தேன். அப்புறம் என் நெஞ்சுவலியை யார் பாக்கறது?”

அவள் சிரித்துவைத்தாள்.

மதியச் சுற்றில் கடைசியாக வந்த பெண் தலையைச் சாய்க்கவில்லை. அந்தப் பெண்ணின் சட்டைக் கைகளைப் பிரித்து நீளமாக்கியிருந்தார்கள். வீட்டில் யாரோ ஊசியால் தைத்தது. பழைய மடிப்பின் கோடு தெரிந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து எதிரே இருந்த முகத்தையே பார்த்தாள். மூலையில் டாக்டர் பேனாவால் அட்டையைத் தட்டினார்.

“எனக்கு ஒண்ணும் இருக்காதுல்ல, டாக்டர்?”

“தெரியலம்மா,” என்றாள் பெண். “ரிசல்ட் வராம நான் எதுவும் சொல்லக்கூடாது.”

அதுவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒன்றும் இருக்காது என்பதைத்தான் விதவிதமாகச் சொல்லிப் போனார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் அதைக் கொஞ்சம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.  கண்ணீர் வர வேண்டிய இடம். வரவில்லை. 

பெண் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? கதவுல வலதுபக்கம்னு போட்டிருக்கு. நீங்க இடதுபக்கத்தையே தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க.”

அவள் கையை வெடுக்கென்று இறக்கினாள். அது எப்போது அங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பெண் குரலைத் தாழ்த்தினாள். “இது நடிப்பு இல்லைதானே?”

“சீனை விட்டு வெளிய வரக்கூடாது,” என்றார் டாக்டர்.

“தெரியும் சார்.” பெண் திரும்பவில்லை. “யார்கிட்டயாவது காட்டினீங்களாம்மா?”

மணி அடித்தது. பெண் எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கதவை ஒருமுறை தவறான பக்கம் தள்ளிவிட்டுப் பிறகு இழுத்துக்கொண்டு போனாள்.

சுற்று முடிந்ததால் மதிப்பெண் தாள்களை வாங்க அலுவலக உதவியாளர் வந்தாள். மேலே இருந்த தாளைப் பார்த்து நின்றாள்.

“பூஜ்ஜியமா சார்?”

“நடிக்கறவங்ககிட்டயே நீங்க நடிக்கலையேன்னு கேட்டா வேற என்ன போடறது? ரூல்ஸ் அதுதான்.”

“இந்தப் பொண்ணுக்கு ஸ்கூல் மார்க் கம்மி சார். மத்த ரூம்லல்லாம் அள்ளியிருக்கு. இதுல பூஜ்ஜியம்னா அவ்வளவுதான், வெளிய.”

“ஸ்கூல் மார்க்கை என்கிட்ட சொல்லக்கூடாதும்மா. எடுத்துட்டுப் போ.”

“கண்ணீரக்கா, உங்க கையெழுத்து.”

தாளின் அடியில் வழக்கமான உறுதிமொழி வரி. கொடுத்த வேடத்தைக் கொடுத்தபடி செய்தேன். அவள் பேனாவை வாங்கினாள். போட்டுவிட்டால் வீட்டுக்குப் போகலாம். யாருக்கும் தெரியாது. வேறு யாரும் பேர் வைக்காத வரைக்கும் அது பட்டாணிதான். பேனா முனை தாளில் பட்டு ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவியாளர் குனிந்து தாளைப் பார்த்தாள்.

“என்னக்கா?”

“சார், நான் கொடுத்தபடி செய்யல.”

“என்னது?”

“அந்தப் பொண்ணு கேட்டது சரிதான்.”

டாக்டர் அவளைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் பிள்ளைகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க?”

அவள் தொட்டுக் காட்டினாள். 

“எப்பலேருந்து?”

“போன வாரம் தெரிஞ்சுது.”

“அப்பவே சொல்லியிருக்கணும்ல? இன்னைக்கு இந்த ரூமுக்கு வந்த அத்தனை பேர் மார்க்கையும் இப்ப என்ன பண்றது?” சத்தம் போட்டுவிட்டு அவரே நிறுத்தினார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். “நாளைக்குக் காலைல வெளிநோயாளிப் பிரிவுக்கு வாங்க. நான் சொல்லி வைக்கறேன்.” கொஞ்சம் பொறுத்து, “ஒண்ணும் இருக்காதும்மா,” என்றார்.

அவள் தலையாட்டினாள். நம்பவில்லை.

மறுநாள் அந்த நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். கதவிலிருந்த குறிப்பை மாற்றி, தூக்கம் வராத நோயாளி என்று போட்டார்கள். முந்தின நாள் அந்த அறையில் போட்ட மதிப்பெண்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மற்ற அறைகளின் சராசரியைச் சேர்த்தார்கள். சிலருக்குக் கூடியது. தலையைச் சாய்த்த பையன்களுக்குக் கொஞ்சம் குறைந்தது. அந்தப் பெண்ணின் பூஜ்ஜியம் போயிற்று. இடம் உண்டா என்பது பட்டியல் வந்தால்தான் தெரியும் என்றாள் உதவியாளர். வெளிநோயாளிப் பிரிவுக்கு அவள் கணவர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முறை, “ஏன் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டார். கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்தார்கள். முடிவு அடுத்த வாரம் வரும் என்றார்கள். எடுத்த பெண் டாக்டரிடம், ஒண்ணும் இருக்காதுல்ல என்று அவள் கேட்கவில்லை. மதியம் கடைக்குப் போய் ஒரு பேண்ட்டின் நீளத்தைக் குறைத்துக் கொடுத்தாள்.